சேத்துப்பட்டு தந்த விடை

ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு 1946ஆம் ஆண்டில் சர்க்காரிடம் சமர்ப்பித்த அறிக்கையில், இந்தியாவில் க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு அதைப் பிறருக்கும் பரப்பக்கூடிய நிலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்றும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் அந்நோயால் மாண்டுபோகிறார்கள் என்றும், இவர்களுக்கெனத் தேசம் முழுவதிலும் இருந்த படுக்கைகள் சுமார் 6,000 மட்டுமே என்றும் கண்டிருந்தது. அக்காலத்து வைத்திய சாஸ்திரம் படுக்கையையே சிகிச்சையாகக் கருதி வந்தபடியால், இந்த மூன்று தொகைகளையும் சேர்த்துப் படித்த எவருக்கும், நானூறு பேரில் ஒருவருக்குத்தான் பிழைக்க வழி உண்டு என்பது சொல்லாமலே விளங்கியிருக்கும்.

படுக்கைக்கு இத்தனை மகத்துவம் வந்ததற்குக் காரணம் இருந்தது. 1850களில் சைலீசியா மலைப் பிரதேசத்தில் ஹெர்மன் பிரேமர் தொடங்கிய சானட்டோரியம் என்னும் ஏற்பாடு, சுத்தமான காற்று, பூரண ஓய்வு, புஷ்டியான ஆகாரம் ஆகிய மூன்றையும் மருந்தாகக் கொண்டது. கோஹ் என்னும் விஞ்ஞானி 1882இல் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும், அதைக் கொல்லும் மருந்து ஒன்றும் கைக்கு வராத நிலையில், அந்த மூன்றையும் விட்டால் வைத்தியருக்கு வேறு கதி இருக்கவில்லை. தென்னாட்டில் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் மிஷன் சானட்டோரியம் ஒன்று எழும்பிப் பெயர் பெற்றது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் சானட்டோரியம் நடத்தி வந்த டாக்டர் சவுரி முத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒன்றை நிறுவினார். அது பின்னர் சர்க்கார் வசமாயிற்று. அதன் பெயரை இன்றைக்கும் அங்குள்ள ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. கணித மேதை ராமாநுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது க்ஷயரோகம் என்றே நினைத்துச் சில காலம் இதே சவுரி முத்துவின் மெண்டிப் சானட்டோரியத்தில்தான் வைத்திருந்தார்கள். தாயகம் திரும்பிய அவர் 1920இல் சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் காலமானார். அவருக்கு வந்தது க்ஷயமே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் வாதித்திருக்கிறார். ஆயினும் குளிர் காற்று வீசும்படி சன்னல்களைத் திறந்து வைத்து நோயாளியைக் கிடத்துவதையே உத்தம சிகிச்சை என்று அறிஞர்களும் நம்பிய காலம் அது.

இந்தச் சிகிச்சைக்கு ஏழைக் குடும்பங்கள் கொடுத்த விலையை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. சம்பாதிக்கிறவன் ஓராண்டு, ஈராண்டு என்று படுத்துவிட்டால் வீட்டில் உலை ஏறுவது எப்படி? படுத்தவள் பெண்ணாக இருந்தால், கைக்குழந்தையைப் பிறர் வீட்டில் விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரும்போது புருஷன் வீடு தனக்கு வீடாக இருக்குமா என்ற பயம் நோயைக் காட்டிலும் பெரிதாக அவளை அரித்தது. பாதிச் சிகிச்சையில் ஓடிவந்தவர்களை அக்காலத்து வைத்தியர்கள் அறிவீனர்கள் என்று கடிந்துகொண்டார்கள்; அது நியாயமான வார்த்தை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரீட்சித்து 1948இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வு, யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல் தற்செயல் எண்களின் வரிசைக்கு விட்டுவிட்ட காரணத்தால், வைத்திய ஆராய்ச்சி முறைக்கே ஓர் இலக்கணமாக அமைந்தது. ஸ்வீடனிலிருந்து பாஸ் என்னும் மருந்தும், 1952இல் ஐசோநயசிட் மாத்திரையும் வந்து சேர்ந்தன. ஐசோநயசிட்டின் விசேஷம், அது மலிவு என்பதும், ஊசி வேண்டாமல் வாயால் விழுங்கக்கூடியது என்பதும்தான். மருந்து வாய்வழியே போகுமானால் நோயாளி கட்டிலில்தான் கிடக்க வேண்டுமா என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடை காணும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி 1956இல் சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் ரோடில் ஒரு சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. அதை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர். சென்னை நகரத்து ஏழை மக்களிடையிலிருந்து 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, எண்களின் வரிசை சொன்னபடி ஒரு பகுதியினர் சானட்டோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் தங்கள் குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தன அறைகளிலுமே தங்கினர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஐசோநயசிட்டும் பாஸும், நாள்தோறும், ஓராண்டுக் காலம். பாஸ் என்பது சிறு மாத்திரையாக விழுங்கி மறந்துவிடக்கூடிய சரக்கு அல்ல. பல கிராம் கணக்கில் உட்கொள்ள வேண்டிய அது வயிற்றைப் புரட்டிக் குமட்டலை எழுப்பும். அதை ஆண்டு முழுவதும் ஒருவர் விடாமல் விழுங்கினார் என்றால் அவருடைய மனவுறுதியைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

விழுங்கினாரா என்பதையும் நிலையத்தார் சும்மா நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதியிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சுவடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆயினும் அந்த வருகைகள் வெறும் கண்காணிப்பாக நின்றுவிட்டிருந்தால் காரியம் கைகூடியிராது. மருந்தை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கப் போகிறவர், வீட்டில் யாருக்கு வேலை போயிற்று, எந்தக் குழந்தைக்கு இருமல் கண்டிருக்கிறது என்பதையும் கேட்டறிந்து வர நேரிடுகிறது. நோயாளி வீட்டுக்குள் கால் வைத்த எந்தச் சுகாதார ஊழியரும் இதை அறிவார்.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியாயின. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். சானட்டோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம். வீட்டில் இருந்தவர்கள் உண்டது குறைவு, உழைத்தது அதிகம், நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் காற்றோட்டமும் சொற்பம். ஆனபோதிலும் மருந்து ஒழுங்காக உள்ளே போன இடத்தில் கிருமி ஏறக்குறைய ஒரே மாதிரி மடிந்தது. இதைவிட முக்கியமான பயம் ஒன்று பாக்கி இருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் மனைவி மக்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா? குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் விடாமல் கவனித்து வந்ததில், வீட்டுச் சிகிச்சை பெற்றவர் குடும்பத்தில் நோய் கூடுதலாகத் தோன்றவில்லை என்பது ருசுவாயிற்று. ஒட்டிக்கொள்ள வேண்டியது, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, இருமலைப் பொருட்படுத்தாமல் கழித்த மாதங்களிலேயே பெரும்பாலும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு நோயாளியை ஊரை விட்டு ஒதுக்குவதால் ஆகப்போகிற லாபம் மிகவும் அற்பம்.

மனித வர்க்கத்துக்கு ஒரு நகரம் செய்த உபகாரங்களைக் கணக்கெடுத்தால், சென்னையின் கணக்கில் முதல் வரியில் நான் எழுதுவது இதைத்தான். தேசிய க்ஷயரோகத் திட்டம் 1962இல் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டு தொடங்கியதும், பற்பல நாடுகளில் சானட்டோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும், நோயுற்ற தாயும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமென்று வைத்தியர்கள் தைரியமாகச் சொல்லத் துணிந்ததும் இந்த ஆராய்ச்சிக்குப் பெரிதும் கடன்பட்டவை. வாரம் இருமுறை மட்டும் ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையும் 1960களில் இதே நிலையத்தில்தான் பரீட்சிக்கப்பட்டது. பிற்பாடு உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்து அங்கே இருக்கிறது. 1960களின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பரீட்சித்த வரலாறு தனி நூலாக எழுதத் தகுந்தது. இங்கே அதற்கு இடமில்லை.

ஆகாரத்தின் விஷயத்தில்தான் நாம் சறுக்கினோம். மருந்து உண்கிறவனுடைய நோய் அடங்குவதற்குப் புஷ்டியான உணவு இன்றியமையாதது அன்று என்பதே சேத்துப்பட்டு சொன்னது. அதாவது நெஞ்சில் குடிகொண்ட கிருமியைப் பற்றி அது சொன்னது. பசித்திருப்பவனுக்கு நோய் வராதென்றோ, மெலிந்தவன் சிகிச்சையின் நடுவில் சாகமாட்டான் என்றோ, அவனுடைய குழந்தைகளுக்குச் சோறு வேண்டியதில்லை என்றோ அது எங்கும் சொல்லவில்லை. ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் நீண்ட வாக்கியத்தின் பின்பாதியை விட்டுவிடுவதுபோல, வைத்தியக் கல்வி அதைச் சுருக்கிக்கொண்டு, உணவு இரண்டாம் பட்சம் என்று பல தலைமுறைகளுக்குப் போதித்துவிட்டது. புறநோயாளிப் பிரிவில் இதன் விளைவை அன்றாடம் பார்க்கலாம். சிகிச்சை அட்டையில் எடைக்கென்று ஒரு கட்டம் இருக்கும். முதல் மாதம் முப்பத்தெட்டு, அடுத்த மாதமும் முப்பத்தெட்டு என்று அதில் எழுதிவிட்டு, "பால், முட்டை, பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடுங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறோம். "சரிங்க டாக்டர்" என்று அந்த அம்மாளும் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுப் போகிறாள். அவை எங்கிருந்து வரும் என்று நாமும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

உணவின் காரியத்துக்கு முன்னரே சாட்சி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பாப்வொர்த் என்ற ஊரில் முதல் உலக யுத்தத்தின் இறுதியில் ஏற்பட்ட குடியிருப்பில், நோயாளிகள் மனைவி மக்களோடு சேர்ந்தே வாழ்ந்தார்கள். நல்ல வீடும் கூலியும் போஜனமும் கிடைத்த காரணத்தால், அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியும் நோய் மூண்டது அபூர்வம். ஆனால் தற்செயல் எண்களைக் கொண்டு பரீட்சித்துக் காட்டாத எதையும் இக்காலத்து வைத்தியம் ஏற்பதில்லை. அந்தக் குறையை நீக்கியது, ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்து, 2023 ஆகஸ்டில் லான்ஸெட் பத்திரிகையில் வெளியான ராஷன்ஸ் ஆய்வு. நடத்தியவர் அனுராக் பார்கவாவும் அவர் கூட்டத்தாரும். சேத்துப்பட்டு நிலையமும், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன், அதில் பங்கு கொண்டது. நோயாளிகள் எல்லாருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதிக் கிராமங்களில் மட்டும் குடும்பத்தாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உணவு பெறாத குடும்பங்களில் 4,724 பேரில் 122 பேருக்கும், பெற்ற குடும்பங்களில் 5,621 பேரில் 96 பேருக்கும் நோய் கண்டது. கால அளவையும் கணக்கிட்டுப் பார்த்தால் சுமார் 39 சதவீதக் குறைவு. நோயாளிகளிலோ, முதலிரண்டு மாதத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு ஏறியவர்களிடையே மரணம் பெரிதும் குறைந்திருந்தது.

தமிழ்நாடு இதன் ஒரு பகுதியைத் தானே கண்டறிந்துகொண்டது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடனே நோயாளியின் எடையும் உயரமும், மூச்சின் வேகமும், பிறர் துணையின்றி எழுந்து நிற்கிறாரா என்பதும் பார்க்கப்படுகின்றன. ஆபத்தான மெலிவு கண்டவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இது சேத்துப்பட்டின் முடிவுக்கு விரோதமானதன்று. எல்லாருக்கும் வேண்டாம் என்று அது விலக்கிய கட்டில், உயிருக்கு ஆபத்து வந்த சிலருக்கு வேண்டியிருக்கிறது.

பாக்கி இருப்பது குடும்பத்தின் சாப்பாடு. நோயாளியின் போஷணைக்காக 2018 முதல் மத்திய சர்க்கார் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 இறுதியில் அது 1,000 ஆயிற்று. இந்தப் பணம் நோயாளி ஒருவர் பெயரில் வருகிறது. தமிழ்நாட்டில் அரிசிக்கு ரேஷன் கடை உண்டு, அதுவும் இலவசமாக. ஜார்க்கண்டில் தலைக்கு ஒன்றரைக் கிலோவாகக் கொடுத்த பருப்புதான் நம்மிடம் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பாக நிற்கிறது. பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பமானால் வேண்டியது ஆறு கிலோ, கிடைப்பது ஒரு கிலோ. காசநோய் பதிவான வீட்டின் அட்டையில், சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு மட்டும், மீதி ஐந்து கிலோவையும் அதே கடையிலேயே அளந்து கொடுக்கும்படி ஓர் உத்தரவு பிறக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குப் புதுக் கட்டிடமோ புது ஊழியரோ வேண்டியதில்லை.