ரெய்க்யாவிக்கின் வெள்ளிக்கிழமை இரவுகள்

போதைப்பழக்கத்தின் வரலாறு என்று நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை போதைப்பொருள்களின் வரலாறே. அபினி எவ்வழியே சீனம் போயிற்று, சாராயத்துக்கு எந்த அரசு வரி விதித்தது, எந்த அரசு தடை விதித்தது என்பனவற்றை அவை விரிவாகப் பேசும். பதினைந்து வயதுப் பிள்ளையொன்று முதன்முதலாகக் குடித்துவிட்டு வந்தபோது அதைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் வரலாறுதான். அதன் இரண்டு அத்தியாயங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது, மற்றொன்று ஐஸ்லாந்தில்.

1982இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளியொன்றுக்குச் சென்றிருந்தார் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகன். யாராவது போதைமருந்தை நீட்டினால் என்ன செய்வது என்று ஒரு சிறுமி கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் அவர். அந்த விடையே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறை 'டேர்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சீருடையணிந்த காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதையின் தீமைகளை எடுத்துரைத்தார்கள். 1987இல் தொலைக்காட்சியில் சூடான வாணலியில் ஒரு முட்டை பொரிந்தது. போதையுண்ட மூளை இப்படித்தான் ஆகும் என்றது அவ்விளம்பரம்.

இவையெல்லாம் நல்லெண்ணத்தில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1990களில் வெளிவந்த மதிப்பீடுகள், டேர் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளுக்கும் அமராத பிள்ளைகளுக்கும் இடையே போதைப்பழக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றே காட்டின. 1998 முதல் 2004 வரை அமெரிக்கக் கூட்டரசு நடத்திய விளம்பர இயக்கத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதனால் இளையோரின் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்குச் சான்றில்லை என்றது பின்னர் வந்த ஆய்வு. சில அளவீடுகளில் விளைவு நேர்மாறாகவும் இருந்தது. ஓயாமல் எச்சரிக்கப்பட்ட பிள்ளைகள், 'அப்படியானால் எல்லோரும் இதைச் செய்கிறார்கள் போலும்' என்று எண்ணியிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இனி ஐஸ்லாந்து. அந்நாட்டுக்கும் மதுவுக்குமான உறவே விசித்திரமானது. 1915இல் முழு மதுவிலக்கு வந்தது. எங்கள் திராட்சை மதுவை வாங்காவிட்டால் உங்கள் மீனை வாங்கமாட்டோம் என்று ஸ்பெயின் நெருக்கவே, 1922இல் அம்மதுவுக்கு மட்டும் வழிவிட்டார்கள். 1935இல் வடிசாராய வகைகளும் திரும்பின. பீர் மட்டும், விலை மலிவால் குடியைப் பரப்பிவிடும் என்ற அச்சத்தில், 1989 மார்ச் 1 வரை தடையிலேயே இருந்தது. இத்தனை தடைகளைக் கண்ட நாட்டில்தான், 1990களின் வெள்ளிக்கிழமை இரவுகளில் தலைநகர் ரெய்க்யாவிக்கின் மையத் தெருக்களில் பதின்வயதுப் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கூட்டங்கூட்டமாகத் திரிந்தார்கள். 1998ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 23 விழுக்காட்டினர் நாள்தோறும் புகைபிடித்தார்கள். 17 விழுக்காட்டினர் கஞ்சாவைச் சுவைத்திருந்தார்கள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1991இல், ஹார்வி மில்க்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் உரையாற்ற ஐஸ்லாந்துக்கு அழைக்கப்பட்டிருந்தார். மனிதர்கள் உண்மையில் நாடுவது பொருள் தம் மனநிலையில் உண்டாக்கும் மாற்றத்தைத்தான் என்பது அவர் கருத்து. பதற்றம் மிக்கவன் ஒன்றைத் தேடுகிறான். கிளர்ச்சி வேண்டுபவன் வேறொன்றைத் தேடுகிறான். அம்மாற்றத்தை இசையும் நடனமும் விளையாட்டும் தரமுடியாதா என்று அவர் கேட்டார். 1992இல் டென்வர் நகரில் அவர் தொடங்கிய திட்டத்தில் பதின்வயதினரிடம் சிகிச்சை என்ற பேச்சே எடுக்கப்படவில்லை. நீ கற்க விரும்புவது எதுவாயினும் கற்பிக்கிறோம் என்றே அழைத்தார்கள்.

ஐஸ்லாந்தின் ஆய்வாளர்கள் இக்கருத்தை ஒருபடி மேலே கொண்டுசென்றார்கள். இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் அவர்களுள் முக்கியமானவர். பழக்கத்தில் விழுந்த பிள்ளையை மீட்க உதவுவது, பிள்ளைகள் விழாமலிருக்கவும் உதவாதா என்பதே அவர்கள் கேள்வி. 1992 முதல் நாடெங்கும் பள்ளிகளில் வினாத்தாள்கள் கொடுக்கப்பட்டன. குடித்தாயா, புகைத்தாயா என்பதோடு அவை நிற்கவில்லை. பெற்றோருடன் எவ்வளவு நேரம் கழிக்கிறாய்? மாலையில் எங்கே இருக்கிறாய்? விடைகள் தெளிவாக இருந்தன. ஒழுங்கான விளையாட்டிலோ கலைப்பயிற்சியிலோ ஈடுபட்ட பிள்ளைகள், வாரநாள்களில் பெற்றோருடன் நேரம் கழித்தவர்கள், பள்ளியில் தம்மீது அக்கறை உண்டென்று உணர்ந்தவர்கள், இரவில் வெளியே சுற்றாதவர்கள் ஆகியோர் பெரும்பாலும் தப்பியிருந்தார்கள்.

அதன்பின் நடந்தவற்றில் சட்டமும் உண்டு, பணமும் உண்டு. தன்னுரிமை வயது 1998இல் 16இலிருந்து 18 ஆயிற்று. பெற்றோரின் பொறுப்பு ஈராண்டு நீண்டது. 13 முதல் 16 வயது வரையுள்ளோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் தனியே வெளியே இருக்கக்கூடாது என்ற விதி ஊன்றி நடைமுறைக்கு வந்தது. சூரியன் அடங்காத கோடைக்கு நள்ளிரவு வரை சலுகை. விளையாட்டு, இசை, நடன மன்றங்களுக்கு அரசு நிதி பெருகியது. ரெய்க்யாவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளையின் பொழுதுபோக்குப் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் பணம் வழங்கலாயிற்று. 2017இல் அத்தொகை 35,000 குரோனா. பெற்றோர்கள் தமக்குள் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். வாரக் கடைசி இரவுகளில் முறைவைத்துத் தெருக்களில் நடந்தார்கள். எப்போதாவது கிடைக்கும் சிறப்பான ஒரு நாளைவிட, சாதாரணமான பல மணிநேரங்களே பிள்ளைக்குத் தேவை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

2016இல் அந்த 42 விழுக்காடு 5 ஆகியிருந்தது. புகைப்போர் 3 விழுக்காடு. கஞ்சாவைச் சுவைத்தோர் 7. எனினும் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறோர் எண். வாரநாள்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்ன பிள்ளைகள் 1997இல் 23 விழுக்காடு, 2012இல் 46. மாறியவர்கள் பிள்ளைகள் மட்டும் அல்லர்.

இதை முழுவெற்றி என்று கொண்டாடவும் கூடாது. அக்காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது. ஐஸ்லாந்தில் வீழ்ச்சி மிகுதி என்பதே உண்மை. மின்சிகரெட்டு போன்ற புதிய பழக்கங்கள் அங்கும் நுழைந்தன. 2016இல் அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 3.3 லட்சமே. ஊரடங்கு போன்றதொரு விதியைப் பெருநகரங்கள் ஏற்குமா, அங்கே அது ஏழைப் பிள்ளைகள்மீதே பாயுமா என்று கேட்பவர்களின் தயக்கம் நியாயமானது.

ஆயினும் ஓக்லாந்துச் சிறுமி கேட்ட கேள்விக்கு நான் திரும்பத் திரும்ப வருகிறேன். நான் என்ன செய்யவேண்டும் என்று அவள் கேட்டாள். உறுதியாக மறுக்கவேண்டிய கடமை முழுவதையும் அவ்விடை அவள் தோளிலேயே வைத்துவிட்டது. ஐஸ்லாந்தியர்கள் அதே கேள்வியைத் தமக்கான கேள்வியாகக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கான விடையில் பெற்றோரின் மாலைநேரமும், நகராட்சியின் பணமும், குளிரில் நடந்த வெள்ளிக்கிழமை இரவுகளும் அடங்கியிருந்தன. பிள்ளைக்கு அறிவுரை சொல்வதைவிட இது செலவு மிக்க வழிதான்.