வழி கேட்டவர்களும் வழி சொன்னவர்களும்

பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்றொரு பழைய கட்டடம் இருக்கிறது. பெயருக்கேற்பத் தெருவையே கூரையால் மூடி நிற்கும் மடம் அது. ஆளும் வண்டியும் அதனூடாகவே செல்ல வேண்டும். இரு மருங்கிலும் கல்லாலான திண்ணைகள். வெயிலிலே நடந்து வந்தவர் திண்ணையில் அமர்வார். ஊரவர் ஒருவர் அருகே வந்து, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று விசாரிப்பார். அந்த விசாரிப்பிலேயே அடுத்த கேணி எங்கே, இருட்டு முன்னர் எந்த ஊரைச் சென்றடையலாம் என்ற ஆலோசனையும் கிடைத்துவிடும். குடாநாட்டின் பழைய தெருக்களிலே மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் அருகருகே இருப்பதை இன்றும் சில இடங்களிற் காணலாம். இவற்றுட் பல, ஊரவர்கள் தருமமாகக் கருதிச் செய்துவைத்தவை. எங்கள் பிரதேசத்தின் பொதுவாழ்வு வழிப்போக்கனை வரவேற்பதில் தொடங்கியது என்று நான் எண்ணுவதுண்டு.

பின்னர் புகையிரதம் வந்தது. 1902இல் குடாநாட்டுக்குள்ளே ஓடத் தொடங்கி, 1905 ஆகஸ்டில் கொழும்புடன் நேரடியாக இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி புறப்பட்டது. ஒரு நாளின் பகற்பொழுதுக்குள் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்து சேரலாம் என்றானபோது, வழி சொல்பவரின் இடத்தை நேர அட்டவணை எடுத்துக்கொண்டது. மடத்துத் திண்ணையின் பேச்சு சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிப்பார். மற்றவர்கள் ஊர் ஒழுங்கையின் வெள்ளவாய்க்கால் முதல் பாராளுமன்றம் வரை விவாதிப்பார்கள்.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. ஆனையிறவிலும் பூநகரியிலும் படைமுகாம்கள் இருந்தன. எஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி. இரவிலே, விளக்கில்லாமல், இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளம் வேறு பல வள்ளங்களைக் கயிற்றிற் கட்டி இழுத்துச் செல்லும். 1993 ஜனவரி 2ஆந் திகதி கடற்படையினரின் தாக்குதலில் அந்த நீரேரியிலே பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் மக்கள் சென்றார்கள். செல்லாமல் இருக்க முடியாத காரியங்கள் அவர்களுக்கு இருந்தன.

அந்த ஆண்டிலே, பல்கலைக்கழக மாணவனாக, நானும் கிளாலியைக் கடந்தேன். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை எங்கள் ஊர் வாசிகசாலையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. முந்திய வாரம் சென்று திரும்பிய ஒருவர், அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைக்கச் சொன்னார். வள்ளத்தின் விளிம்பில் இருக்காதே என்றார் இன்னொருவர். தாண்டிக்குளத்தில் வரிசையில் நிற்கும்போது அதிகம் பேசாதே என்றார் மூன்றாமவர். திரும்பி வருகையிலே பற்றரி ஒன்றேனும் பையில் இருக்கக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். தட்டுப்பாட்டினாற் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித்தாளிற்கூட அச்சாகிய காலம் அது. பத்திரிகையிலே வராத செய்தியை ஊர் தன் வாயால் வெளியிட்டது.

இதை நான் பொதுவாழ்வு என்றே சொல்வேன். யாழ். மாநகர சபைக்கு, மக்கள் பெருமளவிற் புறக்கணித்த 1983 மே தேர்தலுக்குப் பின்னர் 1998 ஜனவரி வரை தேர்தல் நடக்கவில்லை. வாக்குப்பெட்டி இல்லாத அந்தப் பதினைந்து ஆண்டுகளில், ஒருவரை ஒருவர் பத்திரமாகப் போய்ச் சேர வைப்பதே ஊரின் நிருவாகமாக இருந்தது. 1998இல் தெரிவான முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிற் குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். அம்மாதம் 29ஆந் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஐம்பத்தைந்து பேருடன் மன்னார்க் கடலுக்கு மேலே அழிந்தது. நகரசபைக் கதிரையும் பயணப் பாதையும் ஒரே அளவு ஆபத்தாக இருந்த ஆண்டு அது.

இவ்வளவையும் பெருமையோடு எழுதி முடித்துவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் துரத்தப்பட்டனர். அன்று அவர்களுக்கு எந்த வாசிகசாலை வழி சொன்னது? தனிப்பட்ட முறையிற் கலங்கியவர்கள், கண்ணீர் விட்டவர்கள் இருந்தார்கள். ஊராக நாங்கள் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயம் காரணம் என்பது உண்மை. அது முழு உண்மையன்று. எங்கள் வாசிகசாலையில் அந்த விடயம் தாழ்ந்த குரலில் இரண்டு நாட்கள் பேசப்பட்டு, மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் விலை பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அப்போது அங்கிருந்தவர்களுள் நானும் ஒருவன்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. முறிகண்டிப் பிள்ளையாரடியிலே தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் பயணிகள் மீண்டும் வந்தார்கள். அடுத்த ஆண்டில் ஒரு நாள், யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலே ஓர் இளைஞர் என்னிடம் சோனகதெருவுக்கு வழி கேட்டார். புத்தளத்திலிருந்து வருவதாகச் சொன்னார். "அங்கே யாரைப் பார்க்க வேண்டும், தம்பி?" என்று கேட்டேன். "ஒருவரையும் இல்லை ஐயா, எங்கட வீடு இருந்த இடத்தைப் பார்க்க வேணும்" என்றார். தாம் பிறந்த தெருவுக்கு அவர் என்னிடம் வழி கேட்டு நின்றார். நான் அவருடன் நடந்தே சென்றேன். வழியிலே நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

அவ்வீதி 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரிற் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப் போய், 2025 மே மாதத்திலேயே நடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கின. தெருக்கள் திறந்திருந்தன, இம்முறை நாங்கள் அதைப் பெரிதாக உணரவுமில்லை.

இன்று கைத்தொலைபேசி வழி சொல்கிறது. வழி கேட்டு வருபவரை முகம் பார்த்து விசாரிக்கும் கடமையிலிருந்து அது எங்களை விடுவித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தெருமூடிமடத்தைக் கட்டியவர்கள் தெருவுக்குக் கூரை போட்டார்களே தவிர, கதவு போடவில்லை.