ஆமை வீட்டுக்கு வந்த வரலாறு

கோவை உக்கடத்தில், பெரியகுளத்தை அடுத்த தெரு ஒன்றில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மாலை உறவினர் ஒருவர் வந்து கையிலுள்ள அட்டைப்பெட்டியைத் திறக்கிறார். உள்ளே உள்ளங்கையளவு ஆமை ஒன்று. கறுத்த ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் விண்மீன்களைப் போல் விரிந்திருக்கின்றன. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஆத்தா முகத்தைச் சுளிக்கிறார். "அதெல்லாம் அந்தக் காலம். ஆமை இருக்கிற வீட்டில் செல்வம் சேரும் என்று இப்போது சொல்கிறார்கள்" என்கிறார் உறவினர். நீங்களோ இருவர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து ஆமையை அதில் விடுகிறீர்கள். ஆமை என்றால் தண்ணீர் வேண்டும் அல்லவா?

வேண்டாம். அது நிலத்தில் வாழும் ஆமை. வாளித் தண்ணீரில் மூழ்கி இறந்துபோகும். இந்தத் தவறுக்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். ஆங்கிலத்தார் நில ஆமைக்கு ஒரு பெயரும் நீர் ஆமைக்கு வேறொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நமக்கு எல்லாமே ஆமைதான். ஆனால் நிலத்தோடும் நீரோடும் பழகிய நம் மக்கள் அடைமொழி சேர்த்து அவற்றைப் பிரித்தே அறிந்திருந்தார்கள். குளத்துச் சேற்றில் புதைந்து கிடப்பது பாலாமை. அதன் ஓடு தோல் போர்த்தியது. குளம் குட்டைகளில் வாழும் கருநிற ஆமை காராமை. முட்புதர்க் காட்டில் புல் மேய்ந்து திரிவது கட்டாமை. உங்கள் பெட்டிக்குள் இருப்பது இந்தக் கட்டாமையே. நூல்கள் இதை நட்சத்திர ஆமை என்று குறிக்கின்றன. 1795-இல் ஷோப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அழகியது என்பது அப்பெயரின் பொருள். அந்த அழகே அதற்குப் பகையாயிற்று.

மனிதன் ஆமை வளர்த்த வரலாறு பெரும்பாலும் இப்படிப்பட்ட பிழைகளின் வரலாறுதான். நாய்க்கும் கிளிக்கும் தவறான உணவு கொடுத்தால் சில நாட்களிலேயே நமக்குத் தெரிந்துவிடும். ஆமையின் உடலோ மிக மெதுவாக எரியும் விளக்கு. அது தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. ஆகவே அதற்கு மிகக் குறைந்த உணவே போதும். பட்டினி போட்டாலும் வாரக்கணக்கில் தாங்கும். ஐம்பொறி அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமையாகக் காட்டினார். நோயையும் அது அப்படியே அடக்கிக்கொள்ளும். அது இறந்துகொண்டிருப்பதை உயிரோடிருப்பதாக எண்ணி மகிழ்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்தத் தாங்கும் சக்தியை முதலில் கண்டுகொண்டவர்கள் மாலுமிகள். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் கலாபகோஸ் தீவுகளிலும் வாழ்ந்த பேராமைகளைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவைத்தால், உணவும் நீரும் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அவை கெட்டுப்போகாத இறைச்சிக் கிடங்கு! 1835-இல் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலும் இப்படி ஆமைகளைச் சுமந்து சென்றது. உண்டபின் ஓடுகள் கடலில் எறியப்பட்டன. தீவுக்குத் தீவு ஓட்டின் வடிவம் மாறுகிறது என்ற செய்திக்குச் சான்றாகியிருக்க வேண்டியவை அவை என்பதை நினைத்தால் நமக்கே வருத்தமாக இருக்கிறது. கப்பல் வழியே வந்த பேராமைகளில் சில சமையலறைக்குத் தப்பித் தோட்டங்களில் குடியேறின. கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் 2006 மார்ச்சில் இறந்த அத்வைதா அத்தகையது. அது ராபர்ட் கிளைவிடம் இருந்தது, 250 வயதைத் தாண்டியது என்றெல்லாம் சொல்வார்கள். உறுதியான சான்று இல்லை. 1875-இல் அது அந்தக் காட்சிசாலைக்கு வந்தது என்ற மட்டுமே நம்பத்தக்க கணக்கு.

வீட்டு ஆமையின் வரலாற்றுக்கு நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டும். ஆமையை வளர்த்ததோடு நில்லாமல் அதைப் பற்றி எழுதியும் வைத்தவர்கள் அங்கேதான் மிகுதி. பதினேழாம் நூற்றாண்டில் வில்லியம் லாட் என்னும் தலைமைப் பேராயர் ஓர் ஆமை வளர்த்தார். 1645-இல் அரசியல் கொந்தளிப்பில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. ஆமையோ லாம்பெத் அரண்மனைத் தோட்டத்தில் மேலும் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, 1753-இல் தோட்டக்காரர் ஒருவரின் கவனக்குறைவால் மாண்டது. குளிர்கால உறக்கத்தில் இருந்ததை மண்ணைத் தோண்டி எடுத்து வெளியில் விட்டுவிட்டார், உறைபனி கொன்றுவிட்டது என்பார்கள்.

அதே காலத்தில் சசெக்ஸ் மாவட்டத்தில் ஸ்னூக் என்ற அம்மையாரின் வீட்டில் டிமத்தி என்ற ஆமை வாழ்ந்துகொண்டிருந்தது. அவர் 1780-இல் காலமானபோது ஆமை அவருடைய அண்ணன் மகனும் பாதிரியாருமான கில்பர்ட் ஒயிட்டுக்கு வந்து சேர்ந்தது. செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாற்றை எழுதி உலகப் புகழ் பெற்றவர் இவரே. உறங்கிக்கொண்டிருந்த டிமத்தியை மார்ச் மாதத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்து, பெட்டியில் வைத்து, 80 மைல் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். குலுக்கலில் ஆமை விழித்துக்கொண்டது.

ஒயிட் அந்த ஆமைக்குப் பெரிதாக எதையும் செய்யவில்லை. பார்த்தார், எழுதினார். மழைத்தூறல் வந்தால் ஓட்டுக்குக் கவசம் பூட்டிய இவ்விலங்கு ஓடி ஒளிகிறதே என்று வியந்தார். இலையுதிர் காலத்தில் வெயில் சாய்ந்து விழும்போது, ஆமை தன் ஓட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, வெயில் நேராகப் படும்படி நிற்பதைக் கண்டார். வெப்பநிலையைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் வித்தை அது என்று இன்றைய உடலியல் விளக்கும்; அவர் கண்ணால் கண்டே கண்டுபிடித்துவிட்டார். அவ்வப்போது தராசில் நிறுத்து எடையைக் குறித்துவைத்தார். ஒலிபெருக்கிக் குழலை வாயில் வைத்து அதன் அருகே கத்தியும் பார்த்தார். ஆமை சட்டை செய்யவில்லை. ஒயிட் 1793-இல் இறந்தார். மறு ஆண்டு டிமத்தியும் இறந்தது. பின்னாளில் ஓட்டை ஆராய்ந்தவர்கள், டிமத்தி என்று ஆண் பெயரிட்டு அழைக்கப்பட்டது உண்மையில் பெண் ஆமை என்று கண்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் இரண்டு வீடுகளில் வாழ்ந்த விலங்கு ஆணா பெண்ணா என்பதையே வளர்த்தவர்கள் அறியவில்லை! 1963-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றுக்கு வாங்கிய ஆமைக்கு பிரெட் என்று பெயரிட்டு, பிறகு பிரெடா என்று திருத்தவேண்டி வந்தது தனிக் கதை.

பிரெடாவின் காலத்துக்குள் ஆமை இங்கிலாந்தில் கடைச்சரக்காகிவிட்டது. மொராக்கோவிலும் மற்ற மத்தியதரைக்கடல் நாடுகளிலும் பிடித்து, கூடைகளில் நெருக்கி அடைத்து, லட்சக்கணக்கில் இறக்குமதி செய்தார்கள். இளவேனிலில் சிறுவர்கள் சில ஷில்லிங்குக்கு வாங்கினார்கள். குளிர்காலம் வந்ததும் புத்தகத்தில் கண்டபடி வைக்கோல் பரப்பிய பெட்டியில் ஆமையைத் தூங்கவைத்தார்கள். மறு இளவேனிலில் பெட்டியைத் திறந்தபோது பெரும்பாலான ஆமைகள் எழுந்திருக்கவில்லை. பயணத்தில் வாடி வதங்கிய உடலுக்கு, நீண்ட உறக்கத்தைத் தாங்கும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள ஒரு குளிர்ந்த கோடைக்காலம் போதவில்லை. ஆனாலும் கவலை ஏன்? அடுத்த வண்டியில் புதிய ஆமைகள் வந்துகொண்டிருந்தன.

1970-களின் இறுதியில் ஆலிபன்ட் ஜாக்சன் என்ற கால்நடை மருத்துவர்தாம் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். ஓட்டின் நீளத்தையும் உடல் எடையையும் ஒப்பிட்டு, எந்த ஆமை உறங்கத் தக்கது, எதை உறங்கவிடாமல் உணவூட்ட வேண்டும் என்று வரைபடம் வகுத்தார். ஒயிட் தராசை எடுத்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து! 1984-இல் ஐரோப்பியச் சமூகம் மத்தியதரைக்கடல் ஆமைகளின் வணிகத்தையே தடைசெய்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆமை வளர்ப்பைப் பற்றிய ஆங்கில நூல்களில் பல அந்த ஆமைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நம் கட்டாமை அவ்வாறு குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. மழைக்காலமே அதன் சுறுசுறுப்பான காலம். கோவை மார்கழிக் குளிருக்குப் பயந்து அதைப் பெட்டியில் அடைப்பது சமாதி கட்டுவதாகும்.

ஓட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அது ஆமை குடியிருக்கும் கூடு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்ததே ஓடு. மேலே நம் நகத்தைப் போன்ற பொருளாலான தகடுகள். அதில் இரத்தமும் ஓடுகிறது, நரம்பும் இருக்கிறது. ஓட்டின் ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. நம் விலா எலும்பில் துளையிட்டால் எப்படி இருக்கும்? விலா அசையாததால் நம்மைப் போல் நெஞ்சை விரித்து ஆமையால் மூச்சுவிட முடியாது; கால்களின் இடுக்கிலுள்ள தசைகளே நுரையீரலை விரிக்கின்றன. சளி கட்டினால் நம்மைப் போல் இருமி வெளியேற்றவும் முடியாது. ஈரமும் குளிரும் சேர்ந்த குளியலறை மூலையில் வைத்த கட்டாமைக்கு மூக்கில் குமிழி வருவது கண்டால், நிமோனியா முற்றிவிட்டிருக்கக்கூடும்.

வெயில் படாத ஆமைக்கு வைட்டமின் டி உண்டாவதில்லை. அது இன்றிச் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாக எழுவதற்குப் புரதம் மிகுவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2003-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வீஸ்னர், ஈபென் இருவரும் ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு உணவிலும் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. நட்சத்திர ஆமைக்குக் காட்டிலேயே ஓரளவு கூம்பு உண்டு என்பதால், இந்நோய் அதில் எளிதில் கண்ணில் படாமல் போகும். இத்தனை கால அனுபவத்துக்குப் பிறகு, நேற்றுத்தான் இவ்வளவு அடிப்படையான செய்தி தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குஜராத், ராஜஸ்தான் வறள்நிலங்கள், தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களில் கட்டாமை வாழ்கிறது. கொங்கு நாட்டுக்கு மிக அருகில் பார்க்கவேண்டுமானால், உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் வழியில், அமராவதிக் காடுகளை ஒட்டிய சின்னாறு. மலையின் மழை மறைவில் கிடக்கும் அந்த முட்காடு அதற்கு இயல்பான வீடு. ஆத்தாவின் பழமொழி நெடுங்காலம் இந்த ஆமைக்கு அரணாக இருந்தது என்பது என் கருத்து. அமீனா என்பவர் நீதிமன்ற ஆணையோடு வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வரும் ஊழியர். அவரோடு சேர்த்து எண்ணப்பட்ட விலங்கை யார் வீட்டுக்குள் அழைப்பார்கள்? செல்வம் தரும் ஆமை என்ற புது நம்பிக்கை வந்ததும் அரண் இடிந்தது.

அதைவிடப் பெரிய இடி வெளிநாட்டுச் சந்தை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆந்திரப் பகுதியின் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. அவற்றைத் துணியில் சுற்றி, பயணப் பெட்டிகளில் அடுக்கி விமானத்தில் கடத்துகிறார்கள். மாலுமிகள் கண்டறிந்த அதே தாங்கும் சக்தி, இப்போது கடத்தல்காரருக்கு உதவுகிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டாமையைக் காத்தது. 2022-இல் வந்து 2023 ஏப்ரலில் நடைமுறையான திருத்தம் அதைப் புலியும் யானையும் உள்ள முதல் அட்டவணையில் சேர்த்தது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையும் 2019-இல் அதை மிகக் கடுமையான பட்டியலுக்கு உயர்த்தியது. ஆகவே உங்கள் உறவினர் கொண்டுவந்த பெட்டியை வைத்திருப்பதே குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும். ஆமை புகுந்த வீட்டில் பின்னாலேயே அமீனாவும் புகலாம் என்பது இன்று சட்டப்படியே உண்மை!

அப்படியானால் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் விற்கும், கண்ணருகே சிவப்புக் கீற்றுள்ள பச்சைக் குஞ்சு? அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நீர் ஆமை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு சால்மொனெல்லா நோயைப் பரப்பியதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சுகளின் விற்பனை 1975-இல் தடைசெய்யப்பட்டது. ரூபாய் நாணயம் அளவில் வாங்கியது சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு வளர்கிறது. தொட்டி போதாமல் போனதும், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகிறார்கள். 2018-இல் திருச்சூரில் ஒரு கால்வாயில் இது அகப்பட்டது. கேரள வன ஆராய்ச்சி நிலையம் பின்னர் மக்களிடமிருந்து இவற்றைத் திரட்டத் தொடங்கியது. உக்கடம் பெரியகுளம் போன்ற நொய்யல் பாசனக் குளங்களில் இது பெருகினால், உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் நாட்டு நீர் ஆமைகளோடு போட்டியிடும்.

பெட்டிக்குள் இருக்கும் கட்டாமைக்கு இப்போது நீங்கள் செய்யவேண்டியது என்ன? வாளியிலிருந்து எடுத்து, ஈரமில்லாத, நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் விடுங்கள். தாழ்வான தட்டில், அதன் தாடைக்கு மேல் வராத அளவு தண்ணீர் வையுங்கள். அறுகம்புல்லோ சப்பாத்திக்கள்ளி மடலோ போதும். சோறு, பால், இறைச்சி எதுவும் வேண்டாம். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தாமதிக்காமல் வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்படையுங்கள். நீங்களே காட்டில் கொண்டுபோய் விடுவது நல்லெண்ணமாகத் தோன்றும். ஆனால் அது ஆந்திரத்திலிருந்து வந்ததா, ராஜஸ்தானிலிருந்து வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அடைத்துவைத்த இடத்தில் தொற்றிய நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பிவிடவும் கூடும்.

திரும்பும் பயணம் எவ்வளவு நீளமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் சட்டத்துக்கு மாறாக வீடுகளில் வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானத்தில் பெங்களூருக்கு வந்தன. நேரே காட்டுக்குப் போகவில்லை. கர்நாடக வனத்துறையின் பொறுப்பில், முதலில் தனிமைப்படுத்தி நோய் உண்டா என்று பார்க்கவேண்டியிருந்தது. வேளாவேளைக்குத் தட்டில் வந்த இலையைத் தின்று பழகியவை, முட்புதருக்குள் தாமே மேய்ந்து தின்னக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சின்னாற்றிலும் பிடிபட்ட ஆமைகளுக்கு இப்படியொரு மறுவாழ்வுப் பணி நடந்திருக்கிறது. வேலியிட்ட காட்டுத் துண்டில் அவை மேய்ந்து பழகிய பிறகே வேலிக்கு வெளியே விடப்படுகின்றன.