ஜாம் போத்தல் விளக்கு: யாழ்ப்பாணத்தின் தடைக்காலக் கைவினை

1990 ஜூன் மாதத்தில் இலங்கையின் வடக்கு கிழக்கில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றுபோனது; யாழ்தேவி ரயில் வவுனியாவுக்கு அப்பால் ஓடவில்லை; பெற்றோல், டீசல், மின்கலங்கள், சீமெந்து, உரம் முதலிய பொருள்களை வடக்குக்குக் கொண்டுசெல்ல அரசு விதித்த தடை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மண்ணெண்ணெய் அரிதாகவே கிடைத்தது. கிடைத்ததும் யானை விலை விற்றது. அடுப்புக்கு விறகும் பனைமட்டையும் கைகொடுத்தன என்றாலும், இரவு விளக்குக்கு மாற்று இருக்கவில்லை. அந்நெருக்கடியில் குடாநாட்டு மக்கள் கையில் எடுத்தது, தின்று முடித்த ஜாமின் வெறும் போத்தலை.

வெறும் போத்தலை விளக்காக்கும் வழக்கம் இலங்கைக்குப் புதிதன்று. மருந்துப் புட்டி போன்ற சிறு கண்ணாடிக் குப்பியில் மண்ணெண்ணெய் நிரப்பி, மூடியில் துளையிட்டுத் தகரக் குழாய் ஒன்றைச் செருகி, அதன் வழியே திரியை இழுத்துவிட்டால் அது குப்பி விளக்கு. மின்சாரம் எட்டாத வீடுகளில் பல தலைமுறைகளாக எரிந்தது அதுதான். ஆனால் அதன் சுடர் போத்தலுக்கு வெளியே, திறந்த வெளியில் எரிவதால் காற்றில் அலைந்து புகை கக்கும். எண்ணெயையும் தாராளமாகக் குடிக்கும். ஒரு போத்தல் எண்ணெயைப் பல நாள் வைத்து எரிக்க வேண்டியிருந்த குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஜாம் போத்தல் விளக்கு இந்த அமைப்பைத் தலைகீழாக்கி, சுடரைப் போத்தலுக்குள்ளேயே வைத்தது. அகன்ற வாயுள்ள போத்தலின் அடியில் சிறிது பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டார்கள். சைக்கிள் ரியூபின் வால்வுக்கட்டையில், அதாவது காற்றடிக்கும் சிறு உலோகக் குழாயில், மெல்லிய திரியைக் கோத்து, கம்பியால் பிணைத்து, அதன் அடிமுனை பஞ்சைத் தொடுமாறு உள்ளே நிறுத்தினார்கள். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு திரிக்குச் சிறுகச் சிறுக ஊட்டியதால், கடைசிச் சொட்டு வரை வீணாகாமல் எரிந்தது. குழாயின் துளை குறுகியதாகையால் சுடர் சிறுத்தது, செலவும் குறைந்தது. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்து, அரிக்கன் விளக்கின் சிமினி செய்யும் வேலையைச் செய்தது. வாய் அகன்ற போத்தலாக இருந்ததாலேயே சுடருக்கு வேண்டிய காற்று உள்ளே இறங்க முடிந்தது என்பதையும், ஒடுங்கிய கழுத்துள்ள போத்தல் இதற்கு உதவியிராது என்பதையும் நோக்கினால், பயன்படுத்தியவர்களின் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு அக்காலத்தில் தோற்றிய மாணவர்களில் மிகப் பலர் இந்த மங்கிய வெளிச்சத்தில் படித்தவர்களே.

பிளாஸ்டிக் போத்தலுக்கும் அக்காலம் ஒரு வேலை கொடுத்தது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாததால், குளிர்ந்த இயந்திரம் அதில் உயிர்பெறாது. ஆகவே நுனி ஒடுங்கிய சிறு பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்திருந்து, அதை அழுத்திச் சில துளிகளை இயந்திரத்துக்குள் பீச்சி உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள்.

அதே ஆண்டுகளில் நாட்டின் மறுபுறத்திலும் ஒரு வெறும் போத்தல் விளக்காயிற்று. கவிழ்ந்த குப்பி விளக்குகளால் தீக்காயமுற்றவர்களுக்குச் சிகிச்சையளித்துவந்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, இலங்கையர் பாணில் பூசி உண்ணும் மார்மைட்டின் போத்தல் குள்ளமாகவும் கனமாகவும் இருப்பதைக் கண்டு, அதையே முன்மாதிரியாகக் கொண்டு, உருளாதபடி பக்கங்கள் தட்டையான, எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடியுள்ள ‘சுதீபா’ விளக்கை 1990களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். அதற்காக 1998இல் ரோலக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. உயிர்களைக் காத்த அப்பணிக்கு அது முற்றிலும் தகும். ஜாம் போத்தல் விளக்கை முதலில் ஏற்றியவரின் பெயரோ எங்கும் பதிவாகவில்லை. ஒரு வீட்டின் யோசனை வேலி கடந்து அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே சிறிது திருந்தி, மேலும் பரவி உருவான பொருளுக்குத் தனியொரு உரிமையாளர் இருந்திருக்கவும் முடியாது.

1995 அக்டோபரில் குடாநாட்டு மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது இந்தக் கைவினையும் அவர்களோடு வன்னிக்குச் சென்றது. அங்கே பொருளாதாரத் தடை 2002 ஜனவரியில் பெருமளவு தளர்த்தப்படும் வரை தொடர்ந்ததால், அதன் தேவையும் தொடர்ந்தது. வீட்டுப் புழங்குபொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பித்தளைக் குத்துவிளக்குக்குக் கொடுக்கும் இடத்தை இந்த விளக்குக்கும் கொடுக்க வேண்டும். அதன் வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்று ஐம்பது வயதை ஒட்டியிருக்கிறார்கள். திரி எப்படிக் கோக்கப்பட்டது, எவ்வளவு எண்ணெய் எத்தனை இரவுக்குப் போதுமாயிருந்தது, ஊருக்கு ஊர் அமைப்பு எவ்வாறு மாறியது என்பனவற்றை அவர்களே எழுதிவைக்க வேண்டும். இன்னும் ஒரு விளக்கைக் கையால் செய்து காட்டக்கூடியவர்கள் அதைச் செய்து ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ வைக்க வேண்டும்.