பழைய டிராம்கள் திரும்பிய விதம்

வீதி நடுவே தண்டவாளத்தில் ஓடும் டிராம், கடைசித் தரிப்பிடத்தில் எப்படித் திரும்பும்? அதற்கு முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, இருமுனை வண்டி. இயக்கும் கருவிகள் இரு முனைகளிலும் இருக்கும். சாரதி கைபிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். நடத்துநர் கூரைமேலுள்ள மின்தண்டைக் கயிற்றால் இழுத்து, மறுபக்கம் திருப்பிக் கம்பியில் பொருத்துவார். இருக்கைகளின் சாய்மானத்தையும் திருப்பிவிடுவார்கள். வண்டி திரும்பாது, திசை மட்டும் மாறும்.

இரண்டாவது, வளையப் பாதை. 1930களில் அமெரிக்காவில் வந்த பிசிசி வண்டிகளில் பல ஒருமுனை வண்டிகள். வளையத்தைச் சுற்றியே அவை திரும்பின. நெரிசலான நிலையங்களில் இது வசதி. பின்னால் வரும் வண்டி காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இடம் அதிகம் வேண்டும்.

மூன்றாவது, சுழல்மேடை. சான் பிரான்சிஸ்கோவில் பவல் வீதியும் மார்க்கெட் வீதியும் சந்திக்கும் இடத்தில் இன்றும் இதைக் காணலாம். அங்குள்ள கேபிள் வண்டிகளுக்கு இயந்திரம் இல்லை. நிலத்தடியில் மணிக்குச் சுமார் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டே அவை நகர்கின்றன. சுழல்மேடைக்கு முன் பிடி விடப்படும். பின்னர் ஊழியர்கள் கையால் தள்ளியே வண்டியைத் திருப்புகிறார்கள்.

1947இல் நகர முதல்வர் இந்த வண்டிகளை நிறுத்த முனைந்தார். ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண் மக்களைத் திரட்டினார். வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையாக வண்டிகளின் பக்கம் நின்றார்கள். இழந்தவற்றையே எண்ணிப் பழகிய எனக்கு, அந்தச் சுழல்மேடையைவிட இந்த வாக்கெடுப்பே பெரிதாகத் தெரிகிறது.