டிரெசர் போன பிறகு வந்த நோய்

வட சிலாங்கூர் தோட்டங்களின் வரலாற்றில் நோய்க்குக் குறைவில்லை. ஆனால் நாம் அதிகம் படித்ததெல்லாம் பழைய நோய்கள்: மலேரியா, கொக்கிப்புழு, காலரா. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்த கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. 1941 வேலைநிறுத்தத்தோடு நம் வரலாற்றுக் கட்டுரைகளும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அறுபது வயதானபோது அவர்கள் உடம்புக்கு என்ன ஆச்சு? அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

புக்கிட் ரோத்தானிலோ, ஈஜோக்கிலோ, பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவிலோ வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இது காதில் விழும்: "பைபாஸ் பண்ணியாச்சு. கால்லேர்ந்து நரம்பு எடுத்து நெஞ்சுல வெச்சிருக்காங்க." கைலியைத் தூக்கினால் கணுக்காலிலிருந்து மேலேறும் தழும்பு. அவர்கள் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதை ஒட்டியே ஓர் உணர்ச்சி நரம்பும் ஓடுகிறது. சிரையை எடுக்கும்போது அதுவும் அடிபட்டால் உள்கால் மரத்துப்போகும். சர்க்கரை நோயாளிக்குக் கால் புண் ஆற மாதக்கணக்காகும். வீக்கமும் சீழும் வரலாம்.

இந்த அறுவை சிகிச்சைக்கும் ஒரு நாட்டுப்புற மருத்துவர்தான் காரணம். அர்ஜென்டினாவின் ரெனே ஃபாவலோரோ, ஹசிந்தோ அராவுஸ் என்ற சின்ன ஊரில் சுமார் 12 ஆண்டுகள் விவசாயக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு அமெரிக்கா போய், 1967 மே மாதம் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 51 வயதுப் பெண் ஒருவருக்குக் கால் சிரையைக் கொண்டு இதயத் தமனியின் அடைப்பைச் சரிசெய்தார். சில ஆண்டுகளில் அந்த முறை உலகமெங்கும் பரவியது.

மலேசியாவில் இது வீட்டுப் பேச்சானது 1989-இல். அந்த ஜனவரியில் பிரதமர் மகாதீருக்கு மாரடைப்பு. வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே பைபாஸ் செய்துகொண்டார். 1992-இல் தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன் வந்தது. 2007 செப்டம்பரில் அவருக்கே அங்கே இரண்டாவது பைபாஸ். பின்னர் காயத்தில் தொற்று ஏற்பட்டு மறுபடியும் அறுவை அறைக்குப் போக வேண்டியிருந்தது. நாட்டின் சிறந்த கவனிப்பு கிடைத்தவருக்கும் பைபாஸ் ஒரே தடவையில் முடிகிற காரியமாக இருக்கவில்லை.

காரணம் சிரையின் இயல்பிலேயே இருக்கிறது. குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய மெல்லிய குழாய் அது. ரத்தம் கீழே இறங்காமலிருக்க உள்ளே வால்வுகள் உண்டு; அதனால் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்கிறார்கள். தைத்த நிமிடத்திலிருந்து தமனியின் முழு அழுத்தமும் அதன்மேல். முதல் மாதத்தில் வரும் ஆபத்து ரத்தம் உறைவது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கோட்டில் பால் உறைந்தால் ஓட்டம் நின்றுவிடும். அடுத்த மாதங்களில் அழுத்தத்தைத் தாங்க உட்சுவர் தடிக்கிறது. ஆண்டுகள் போனால் அந்தச் சுவரில் கொழுப்பு படிகிறது. பத்தில் ஒன்றோ அதற்கு மேலோ முதல் ஆண்டிலேயே அடைபடும். பத்தாண்டில் ஏறக்குறைய பாதி. மார்பின் உள்தமனியை வைத்துச் செய்த ஒட்டு பத்தாண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். ஆனால் மூன்று நான்கு இடத்தில் அடைப்பு இருந்தால் அது மட்டும் போதாது, காலைத் தேட வேண்டியதுதான்.

ஆகவே பைபாஸ் நோயைக் குணமாக்குவதில்லை, அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தைக் காப்பது தினசரி ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, சிகரெட்டை விடுவது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம், பெரியவர்களில் 31.4 விழுக்காடு.

இந்த இடத்தில் தோட்டத்தின் வரலாறு உள்ளே வருகிறது. தோட்டத்தில் டிரெசர் என்றொருவர் இருந்தார். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டமே வந்தது. அவரைப் புகழவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. முதலாளிக்கு ஆள் வேலைக்கு வரணும், அதற்காக வைக்கப்பட்டவர் அவர். ஆனால் யார் எந்த லயத்தில் படுத்திருக்கிறார், யார் மருந்து குடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆற்றோரத் தென்னமரம் தோட்டத்தில் 1917-லேயே நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பிற்காலத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை பரவியது, நிலம் கைமாறியது, வீட்டுமனையானது. சனம் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறியது. டிரெசரும் போனார். கொசுவுக்கும் புழுவுக்குமாகக் கட்டிய ஏற்பாடு, தினமும் கவனிப்பு கேட்கும் நோய் வந்த நேரத்தில் இல்லாமல்போனது.

அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான், விலை தடையல்ல. ஆனால் நெஞ்சைத் திறந்த மருத்துவமனை வெகு தள்ளி. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை வந்தது, கார் இருப்பவர்களுக்கு. கார் இல்லாதவர் மகன் லீவு எடுக்கும் நாளுக்குக் காத்திருக்கிறார். மாத்திரை தீர்ந்து, வலியும் இல்லையென்றால் 'ஆபரேஷன்தான் பண்ணியாச்சே' என்று விட்டுவிடுகிறார். சிரை அடைபட்டுத் திரும்ப நெஞ்சுவலி வரும்போது, "வாயைக் கட்டல" என்று வீட்டிலேயே பேச்சு. பாதி உண்மை அது. மீதியை அவர் தலையில் போட முடியாது.

தோட்டத்து வாய்மொழி வரலாறு சேகரிக்க இளைஞர்கள் பலர் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். கங்காணியைப் பற்றியும் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றியும் கேட்பது சரிதான். கூடவே இவற்றையும் கேளுங்கள்: எந்த வருஷம் ஆபரேஷன்? எந்தக் காலில் எடுத்தாங்க? மாத்திரை வாங்க யார் கூட்டிட்டுப் போறாங்க? போன மாசம் போனீங்களா?