ஜெமினி கொலையாளி
'தி எக்ஸார்சிஸ்ட் 3' (1990) என்னும் அமெரிக்கத் திகில் படத்தின் வில்லன் பாத்திரம். ஏற்று நடித்தவர் பிராட் டூரிஃப். முதல் படம் (1973) தேடித்தந்த புகழை 'தி ஹெரெட்டிக்' (1977) என்னும் இரண்டாம் படம் குலைத்திருந்தது. மூல நாவலாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டி, தம் 'லீஜியன்' (1983) நாவலைத் தழுவி மூன்றாம் படத்தைத் தாமே இயக்கினார்.

மனநலப் பிரிவு அறையில் கட்டுண்டிருக்கும் கொலையாளி, துப்பறிவாளர் கிண்டர்மேனிடம் (ஜார்ஜ் சி. ஸ்காட்) தன் கொலைகளை விவரிக்கும் நீண்ட உரைகளே டூரிஃபின் களம். உடலசைவு குறைவு, குழைவிலிருந்து சீற்றத்துக்குத் தாவும் குரலே அச்சமூட்டுகிறது. கொலையாளியின் ஆவி புகுந்திருக்கும் உடலுக்குரியவரான பாதிரியார் கராஸாக ஜேசன் மில்லர் இடையிடையே தோன்றுகிறார். பேயோட்டும் உச்சக்காட்சி, தயாரிப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் பின்னர் சேர்க்கப்பட்டது. 2016இல் வெளியான இயக்குநர் பதிப்பில், நீக்கப்பட்ட டூரிஃப் காட்சிகள் இடம்பெற்றன.